ஆடத் தெரியும், பாடத் தெரியும்... ஆய்வேடு எழுதுவது எப்படி?

நிகழ்த்துகலைகளில் முனைவர் பட்டம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மேடையில் இரண்டரை மணி நேரம் அசராமல் பாடுகிறவர்கூட, ‘இதைப் பற்றி இருநூறு பக்கம் எழுதுங்கள்’ என்றால் மலைத்துப் போகிறார். இசை, நடனம், நாடகம், கூத்து ஆகியவற்றில் முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்குப் பதிய நினைப்பவர்களுக்குச் சந்தேகங்கள் நிறைய. அவர்களுடைய பெற்றோருக்கு அதைவிட அதிகம். ‘கலைக்கு எதுக்கு ஆராய்ச்சி?’ என்று கேட்கும் ரசிகர்களும் உண்டு. அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம். சேர்க்கை, கால அளவு போன்றவை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளை ஒட்டியவை. நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் விதிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்காக ஆய்வு?

சந்தேகம்: ஒருவர் நன்றாகப் பாடுகிறார், ஆடுகிறார். அது போதாதா?

விளக்கம்: நன்றாகப் பாட முனைவர் பட்டம் தேவையில்லை. ஆனால் கலையைப் பற்றிய சில கேள்விகளுக்கு மேடையில் விடை கிடைக்காது. சதிர் எப்படிப் பரதநாட்டியம் ஆனது, அந்த மாற்றத்தில் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே தள்ளப்பட்டார்கள்? ஒரே ராகம் இரண்டு பரம்பரைகளில் ஏன் இரண்டு விதமாகப் பாடப்படுகிறது? கூத்தின் வடக்கத்திப் பாணியும் தெற்கத்திப் பாணியும் எங்கே பிரிகின்றன? ஓலைச்சுவடி, பழைய இசைத்தட்டு, அரசாணை, சிற்பம், மூத்த கலைஞரின் நினைவு என்று பல சான்றுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இவற்றுக்கு விடை சொல்ல முடியும். அதுவே ஆய்வு.

தமிழில் இது புதிய பழக்கமும் இல்லை. தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர், தம் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டி வித்வான்களோடு சுருதிகளைப் பற்றி விவாதித்து, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947-இல் வந்தது. 1928-இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமியில், டிசம்பர் சீசனில் மாலைக் கச்சேரிகளுக்கு இணையாகக் காலையில் ஆய்வுரைகளும் விவாதங்களும் நடந்துவருகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி. சாம்பமூர்த்தி இசையை ஒரு பல்கலைக்கழகப் பாடமாகவே வளர்த்தெடுத்தார்.

சந்தேகம்: நானே கலைஞர். அது ஆய்வுக்கு உதவுமா, இடைஞ்சலா?

விளக்கம்: இரண்டும்தான். முதலில் உதவியைப் பார்ப்போம். நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் அவற்றில் 81 மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. சிதம்பரம் கோபுர வாயில்களில் 108-ம் உண்டு. இவற்றை அசையாத நிலைகளாகவே பலரும் பார்த்துவந்தபோது, பத்மா சுப்ரமணியம் தம் முனைவர் பட்ட ஆய்வில் கரணம் என்பது ஒரு முழு அசைவு என்றும், அந்த அசைவின் ஒரு கணத்தைத்தான் சிற்பி பிடித்திருக்கிறார் என்றும் வாதிட்டார். நூலையும் சிற்பத்தையும் படித்ததோடு, தாமே ஆடிப் பார்க்கவும் அவரால் முடிந்தது. ஆடாதவருக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவருடைய முடிவுகளை ஏற்காத அறிஞர்களும் உண்டு. அந்த விவாதம் நடக்க இடம் கொடுத்ததே ஆய்வின் பலம்.

மட்டக்களப்பின் சி. மௌனகுருவும் இதற்கு நல்ல உதாரணம். பேராதனையில் மாணவராக இருந்தபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரித்த ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர், பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். வீணை தனம்மாளின் பேரரான புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனையைப் பற்றியே முனைவர் பட்டம் பெற்றார்.

இடைஞ்சல் என்ன? சொந்த பாணி மட்டுமே சரி என்ற நினைப்பு. ‘எங்க குருநாதர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்’ என்பது சபையில் மரியாதையான பதில். ஆய்வேட்டில் அது ஒரு சான்று மட்டுமே. மற்றச் சான்றுகள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

சேருவதற்கு முன்

சந்தேகம்: யார் சேரலாம்? எத்தனை மதிப்பெண் வேண்டும்?

விளக்கம்: முதுகலையில் குறைந்தது 55 சதவீதம் வேண்டும். நான்காண்டு இளங்கலை படித்தவர்கள் 75 சதவீதம் எடுத்திருந்தால் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கும் 5 சதவீதத் தளர்வு உண்டு.

பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தினால், வினாக்களில் பாதி ஆய்வு முறையியலிலும் பாதி பாடத்திலும் வரும். அதில் வென்றவர்களுக்கு நேர்காணல். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கிடுவார்கள். 2024 முதல் யுஜிசி நெட் தேர்வு மதிப்பெண்ணை வைத்தும் முனைவர் பட்டத்தில் சேரலாம். நெட்டில் இசைக்குத் தனித் தாளும், நடனம், நாடகம், அரங்கக்கலை மூன்றும் சேர்ந்த ‘நிகழ்த்துகலை’த் தாளும் இருக்கின்றன.

சந்தேகம்: குருகுல முறையில் பல ஆண்டுகள் கற்றேன். கல்லூரிப் பட்டம் இல்லை. சேர முடியுமா?

விளக்கம்: முனைவர் பட்டத்தில் நேரடியாகச் சேர முடியாது. கையில் இருக்கும் பட்டயமோ சான்றிதழோ பட்டத்துக்குச் சமமா என்பதை அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டுவாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம்.

பட்டம் முக்கியமில்லை, ஆய்வு செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் வேறு வழியும் உண்டு. மத்திய கலாசார அமைச்சகம் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இரண்டு ஆண்டு ஆய்வுநல்கை தருகிறது. 25 முதல் 40 வயதுவரை இருப்பவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய். 40-ஐத் தாண்டியவர்களுக்கு 20,000 ரூபாய். இதற்கு முனைவர் பட்டத்தில் பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சந்தேகம்: எம்.பில். முடித்துவிட்டு வரலாமா?

விளக்கம்: 2022 ஒழுங்குமுறைகளின்படி எம்.பில். நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு முறையாகப் பெற்ற எம்.பில். செல்லும். இப்போது யாராவது ‘எம்.பில். சேர்க்கை நடக்கிறது’ என்று விளம்பரம் செய்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள்.

சந்தேகம்: எத்தனை ஆண்டு ஆகும்? கச்சேரி, டியூஷன், வேலை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

விளக்கம்: பாடநெறியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. பெண்கள் பேறுகால விடுப்பாகவும் குழந்தை வளர்ப்பு விடுப்பாகவும் மொத்தம் 240 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

வேலையில் இருப்பவர்கள், நிறுவனத்தின் தடையின்மைச் சான்றோடு பகுதிநேரமாகச் சேரலாம். அஞ்சல்வழியிலோ ஆன்லைனிலோ முனைவர் பட்டம் கிடையாது. கச்சேரி, நிகழ்ச்சிகளை விட வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர் சீசனையும், பங்குனியில் தொடங்கும் கூத்துக் காலத்தையும் கணக்கில் வைத்து ஆண்டைத் திட்டமிடுங்கள். களப்பணிக்கு ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை ஓராண்டு காத்திருக்க நேரும்.

சந்தேகம்: பணத்துக்கு என்ன வழி?

விளக்கம்: நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் நல்கை (ஜேஆர்எஃப்) கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பின் 42,000 ரூபாய். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசின் தனி ஆய்வுநல்கைகளும் இருக்கின்றன. நல்கை கிடைத்தால் அதில் களப்பணிச் செலவுக்கும் கலைஞர்களுக்குத் தரும் சன்மானத்துக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

சந்தேகம்: எங்கே சேருவது? நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விளக்கம்: சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத் துறை, தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி ஆகியவை பலருக்கும் தெரிந்த இடங்கள். இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இத்துறைகளுக்குப் பேர்போனவை.

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரின் வேலை முக்கியம். அவர் என்ன எழுதியிருக்கிறார், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் எப்படி இருக்கின்றன என்று முதலில் படித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த குருவே நெறியாளராக இருந்தால் நல்லதுதான் என்று தோன்றும். ஆனால் ‘நீங்க சொல்றதுக்குச் சான்று இல்லையே’ என்று அவரிடம் உங்களால் சொல்ல முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

தலைப்பு

சந்தேகம்: நல்ல ஆய்வுத் தலைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கம்: ‘இன்னாரின் கீர்த்தனைகள்: ஓர் ஆய்வு’ என்ற வகைத் தலைப்பில் கேள்வியே இல்லை. பொருள் மட்டும்தான் இருக்கிறது. கேள்வி இல்லாவிட்டால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரியாது. கடைசியில் வாழ்க்கை வரலாறும் பாடல் பட்டியலுமாக ஆய்வேடு முடிந்துபோகும்.

நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். ‘தமிழகத்தில் நாகஸ்வரக் கலை’ என்பது ஒரு வாழ்நாளுக்கும் போதாத தலைப்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கலாம். முன்பு திமிரி என்ற குட்டையான, உச்ச சுருதி நாகஸ்வரம் வழக்கில் இருந்தது. பிறகு நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி பரவியது. அந்த மாற்றத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. இப்போது கேள்வியைக் கேட்கலாம்: ‘பாரி வந்த பிறகு வாசிப்பில் என்ன மாறியது?’ இன்னும் குறுக்கினால்: ‘காவிரிக் கரையில் குறிப்பிட்ட சில கோயில்களின் வாசிப்பு முறையில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் என்ன மாறியது?’

கேள்வி இந்த அளவுக்கு வந்ததும் சான்றுகள் தாமாகவே வரிசை கட்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் பழைய ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தயாரிப்புக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எந்த அளவில் எப்போது செய்யத் தொடங்கினார்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். இசைத்தட்டுகளில் சுருதியை அளந்து பார்க்கலாம். கோயில்களில் மல்லாரியும் ரக்தியும் எந்தெந்தப் பூஜை நேரத்தில் வாசிக்கப்பட்டன என்று மூத்த வித்வான்களிடம் விசாரிக்கலாம். ஒலிபெருக்கி வந்ததும், கல்யாண மண்டபங்கள் வந்ததும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்கலாம்.

தலைப்பை முடிவு செய்யுமுன் இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தச் சான்று கிடைத்தால் என் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வேன்? அதற்குப் பதில் இல்லையென்றால், நீங்கள் எழுதப்போவது பாராட்டுரை.

சந்தேகம்: இந்தத் தலைப்பில் யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளக்கம்: இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழிலும் ஆங்கிலத்திலும் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். ‘நாதஸ்வரம்’, ‘நாகஸ்வரம்’, ‘நாதசுரம்’ மூன்றும் புழக்கத்தில் உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால், உ.வே.சா. நூலகம், மியூசிக் அகாடமி ஆய்விதழின் பழைய தொகுதிகள், 1982-இல் தொடங்கி இப்போது குருகிராமில் இருக்கும் இசையியல் ஆவணக் காப்பகம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டார் எழுதியதையும் ஒதுக்க வேண்டாம். கட்டைக்கூத்தைப் பற்றி ஹன்னே டி புருயின் எழுதிய நூல் 1999-இல் வெளியானது. தெருக்கூத்தில் பாரதம் நிகழ்த்தப்படுவதைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா எழுதியது 1990-இல் வந்தது. அவர்களோடு உடன்படலாம், மறுக்கலாம். படிக்காமல் விட்டால் புறத்தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

களத்தில்

சந்தேகம்: பாடாந்தரத்தைச் சான்றாகக் காட்டலாமா? எழுத்தில் இல்லாததை எப்படி நிரூபிப்பது?

விளக்கம்: தாராளமாகக் காட்டலாம். நம் இசை பெரும்பாலும் வாய்வழியாக வந்தது. 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டபோது கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளே வகுத்தார். வெறும் ஸ்வரத்தால் பாட்டைப் பிடித்துவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அச்சிலுள்ள குறிப்பும், குருவின் பாடாந்தரமும், ஒலிப்பதிவும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் எது சரி என்று தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எப்போது பதிவானது, எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று பதிவு செய்யுங்கள். பல நேரம் அந்த வேறுபாட்டில்தான் உங்கள் ஆய்வே இருக்கும்.

மூத்தவர்களின் நினைவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ‘அந்தக் காலத்துல எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும். ‘உங்க கல்யாணத்துக்கு யார் வாசிச்சாங்க? என்ன ராகம்? எத்தனை மணிக்குத் தொடங்கினாங்க?’ என்று குறிப்பாகக் கேட்டால் விவரம் கிடைக்கும்.

சந்தேகம்: கூத்தையோ கச்சேரியையோ பதிவு செய்ய அனுமதி வேண்டுமா?

விளக்கம்: சட்டப்படி நிகழ்த்துபவருக்குத் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு. அது 50 ஆண்டு நீடிக்கும். உண்மையான கற்பித்தலுக்காகவோ ஆய்வுக்காகவோ மட்டும் பதிவு செய்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் அதே பதிவை யூடியூபில் ஏற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் அனுமதி கேட்பதே முறை. வாத்தியாரிடம் மட்டும் கேட்டால் போதாது; வேஷம் கட்டுபவர்களிடமும் மேளக்காரர்களிடமும் கேளுங்கள். என்னென்ன பதிவு செய்வீர்கள், எங்கே வைப்பீர்கள், வேண்டாம் என்றால் எப்படி நீக்கச் சொல்வது என்று புரியும்படி சொல்லி, எழுத்திலோ ஒலிப்பதிவிலோ சம்மதம் வாங்குங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள்.

சந்தேகம்: தகவல் தந்தவரின் பெயரை மறைக்க வேண்டுமா?

விளக்கம்: சமூகவியல், மருத்துவ ஆய்வுகளில் பெயரை மறைப்பது வழக்கம். நிகழ்த்துகலையில் அதை அப்படியே பின்பற்றினால் அநியாயமாகிவிடும். நாற்பது ஆண்டு வேஷம் கட்டியவரைத் ‘தகவலாளர் 7’ என்று போடுவது அவருடைய உழைப்பைக் களவாடுவதற்குச் சமம். கலையைப் பற்றிச் சொன்னதற்குப் பெயர் போட வேண்டும். சாதி, குடும்பம், வருமானம், சண்டை பற்றிச் சொன்னதற்கு அவர் விரும்பினால் மட்டுமே போட வேண்டும்.

தேவதாசி மரபுக் குடும்பங்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் தேவை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. பேரப்பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் அந்த வரலாற்றை மறைத்துவைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஆய்வேட்டை யாரும் இணையத்தில் படிக்கலாம் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பறை அடிப்பவர்களைப் பற்றிய ஆய்விலும் இதே பொறுப்பு உண்டு. இழிவென்று திணிக்கப்பட்ட வேலைக்கும், பெருமையோடு மேடை ஏற்றப்படும் கலைக்கும் இடையில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எழுத்து

சந்தேகம்: ஆய்வேட்டின் நடை எப்படி இருக்க வேண்டும்?

விளக்கம்: விமர்சனத்துக்குரிய அடைமொழிகளை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ‘தெய்வீகக் குரலில் தோடியைப் பொழிந்தார், சபையே மெய்மறந்தது’ என்ற வாக்கியத்தை யாராலும் சோதிக்க முடியாது. ‘ஆலாபனையின் முதல் ஐந்து நிமிடத்தில் பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொடவில்லை; காந்தாரத்தைச் சுற்றியே பிடிகளை அமைத்தார்’ என்று எழுதினால், அதே பதிவைப் போட்டுக் கேட்டு யாரும் சரிபார்க்கலாம். உங்கள் ரசனை எங்கும் போய்விடாது. எந்தப் பிடியைக் கவனிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததே உங்கள் ரசனைதான்.

அடுத்து, தொடக்கத்திலேயே தேங்கிவிடும் பழக்கம். எந்தத் தலைப்பாக இருந்தாலும் நாட்டிய சாஸ்திரம், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, பல்லவர் காலம் என்று மூன்று இயல்களை நிரப்பிவிட்டு நான்காவது இயலில்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். சிலப்பதிகாரம் உங்கள் கேள்விக்குத் தேவையென்றால் அதற்குத் தனியாகவே ஒரு ஆய்வு வேண்டும். இசை அறிஞர் எஸ். ராமநாதன் சிலப்பதிகாரத்தின் இசையைப் பற்றி மட்டுமே ஆய்வேடு எழுதினார். தேவையில்லையென்றால் ஒரு பத்தி போதும்.

சந்தேகம்: அசைவையும் ஒலியையும் தாளில் எப்படிக் காட்டுவது?

விளக்கம்: தேவையான இடத்தில் மட்டும் ஸ்வரக் குறிப்பு, ஜதிக் குறிப்பு, படம், வரைபடம் கொடுங்கள். முழுப் பாடலையும் குறிப்போடு பின்னிணைப்பில் போட்டுவிட்டு, விவாதிக்கும் சங்கதியை மட்டும் இயலுக்குள் கொண்டுவாருங்கள். ஒலி, காணொளிப் பதிவுகளுக்கு எண் கொடுத்து, எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஊர், தேதி, நிகழ்த்தியவர்கள், நிகழ்ச்சி ஏற்பாடு செய்தவர் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். கூத்து என்றால் ‘கர்ண மோட்சம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. துக்க வீட்டுக் கூத்தா, பாரத விழாவா, நகர மேடையா என்பதைப் பொறுத்து நிகழ்ச்சியே மாறும்.

சந்தேகம்: ஆய்வேட்டுக்குப் பதில் ஒரு தயாரிப்பையே சமர்ப்பிக்க முடியாதா?

விளக்கம்: பிரிட்டன், பின்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் படைப்பும் எழுத்தும் சேர்ந்த முனைவர் பட்டங்கள் உண்டு. அங்கேயும் படைப்பை மட்டும் வைத்துப் பட்டம் தருவதில்லை. அந்தப் படைப்பு எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் எழுத்து ஆய்வேடுதான். ஆனால் உங்கள் தயாரிப்பை ஒரு பரிசோதனையாக வைத்து, ஒத்திகைக் குறிப்பேட்டையும் பதிவுகளையும் சான்றாகக் காட்டி ஒரு இயல் எழுத எந்தத் தடையும் இல்லை. பதிவு செய்யும்போதே ஆய்வு ஆலோசனைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

சந்தேகம்: தமிழில் எழுதலாமா?

விளக்கம்: பல்கலைக்கழக விதி அனுமதித்தால் எழுதலாம், பல துறைகளில் எழுதுகிறார்கள். கூத்தைப் பற்றியோ பண்ணைப் பற்றியோ எழுதும்போது கலைஞர்களே வாசிக்க முடிவது பெரிய பலன். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டைத் தேடுபொறியால் படிக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதினால் கலைச்சொற்களை மாற்றாமல் அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது விளக்குங்கள்.

சந்தேகம்: பாடல் வரிகளை எடுத்துப் போட்டால் கருத்துத் திருட்டு என்று வந்துவிடுமா?

விளக்கம்: மேற்கோள் குறியிட்டு மூலத்தைச் சொன்ன பகுதிகள் கணக்கில் வராது. 2018-இல் யுஜிசி வகுத்த விதிப்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

மென்பொருளில் மாட்டாத திருட்டுதான் இத்துறையில் அதிகம். ஆங்கில நூலின் வாதத்தைத் தமிழில் எழுதிப் பெயர் சொல்லாமல் விடுவது, கலைஞர் சொன்ன விளக்கத்தைத் தம் கண்டுபிடிப்பாகக் காட்டுவது இரண்டும் திருட்டே. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத கீர்த்தனையையும் இல்லாத நூலையும் நம்பும்படி எழுதித்தரும். நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத மூலத்தை மேற்கோள் காட்டாதீர்கள்.

சந்தேகம்: கட்டுரைகள் வெளியிட்டால்தான் பட்டமா?

விளக்கம்: ஆய்வேடு கொடுக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறைகள் நீக்கிவிட்டன. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்திருக்கலாம். ஆய்விதழ்களுக்கான யுஜிசி கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. ஆகவே இதழின் தரத்தை நீங்களே பார்க்க வேண்டும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று சொல்லும் இதழில் வந்த கட்டுரையால் பின்னாளில் உங்கள் பெயர்தான் கெடும்.

பட்டமும் பிறகும்

சந்தேகம்: வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும்?

விளக்கம்: ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களும் மதிப்பிடுவார்கள். அவர்களில் ஒருவர் இயன்றால் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்பது விதி. வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். துறையினரும் மற்ற ஆய்வாளர்களும் உட்காரலாம். பாடிக் காட்டுங்கள் என்று கேட்டால் பாடலாம், தயக்கம் வேண்டாம். ஆனால் கேள்விக்குப் பதிலாகக் கச்சேரியைத் தொடங்கிவிடாதீர்கள். உங்கள் ஆய்வின் எல்லை எது, எதை நீங்கள் நிறுவவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்பவருக்கே மதிப்பு கூடும்.

சந்தேகம்: விழாக்களில் கலைஞர்களுக்கு ‘டாக்டர்’ பட்டம் தருகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

விளக்கம்: இல்லை. பல்கலைக்கழகம் தரும் மதிப்புறு முனைவர் பட்டம் ஒரு கௌரவம். ஆய்வுத் தகுதி அல்ல. அதை வைத்துப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் அமைப்புகள் பணம் வாங்கிக்கொண்டு சால்வையோடு தரும் ‘டாக்டரேட்’டுக்குச் சட்ட மதிப்பே கிடையாது. 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி பல்கலைக்கழகங்களும் அதற்கு அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம்.

சந்தேகம்: முனைவர் பட்டம் இல்லாமல் கல்லூரியில் கற்பிக்க முடியாதா?

விளக்கம்: முடியும். இசை, நிகழ்த்துகலைத் துறைகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் தேர்ச்சி ஒரு வழி. பெயர்பெற்ற குருவிடம் கற்று, வானொலி அல்லது தூர்தர்ஷனில் ‘ஏ’ கிரேடு பெற்று, பாடத்தைத் தர்க்கத்தோடு விளக்கும் திறனுள்ள கலைஞர்களுக்கு யுஜிசியின் 2018 விதிகளில் தனி வழியும் வைத்திருக்கிறார்கள். வேலைக்காக மட்டும் என்றால் இவற்றை முதலில் பாருங்கள். விடை தெரியாமல் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி கையில் இருந்தால் மட்டும் முனைவர் பட்டத்துக்கு வாருங்கள்.

சந்தேகம்: இத்தனை பாடுபட்டு எழுதியதை யார் படிப்பார்கள்?

விளக்கம்: ஆய்வேட்டின் மின்பிரதி சோத்கங்காவுக்குப் போய்விடும், அடுத்து வரும் ஆய்வாளர்கள் அங்கே படிப்பார்கள். அதோடு நின்றுவிட வேண்டாம். களத்தில் உதவிய கலைஞர்களுக்கு முடிவுகளைச் சுருக்கமாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மறுப்பு சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், நூலாக்கும்போது சேர்க்கலாம். பதிவுகளை உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் பூட்டிவைக்காமல், கலைஞர்களின் சம்மதத்தோடு ஒரு காப்பகத்தில் சேருங்கள். உங்கள் முடிவுகளை நாளை யாராவது மறுக்கலாம். நீங்கள் ஊரும் தேதியும் பெயரும் எழுதிச் சேர்த்த பதிவு, அப்படி மறுப்பவருக்கும் பயன்படும்.